2013-லேயே நின்றுபோன லேப்டாப்

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பரணில் தேடினாலும் அந்தக் கருப்புப் பை கிடைக்கும். முதலமைச்சர் படம் போட்ட பை. உள்ளே அரசு முத்திரை ஒட்டிய மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டம் அது. ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் வந்தது. அரசாணையில் 'விலையில்லா மடிக்கணினி'. வீட்டில் எல்லோருக்கும் அது 'கவர்மெண்ட் லேப்டாப்'.

அதை வைத்து எத்தனை கிண்டல். 2018-இல் 'சர்கார்' வந்தபோது இலவச மிக்ஸியை நெருப்பில் போடுகிற காட்சிக்கு எதிர்ப்பு கிளம்பி, காட்சியை வெட்டினார்கள். அந்த வாரம் பையன்கள் வீட்டிலிருந்த இலவசப் பொருட்களை உடைத்து வீடியோ போட்டார்கள். நெல்லிக்குப்பத்தில் யாரும் உடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த லேப்டாப்பை யார் வாங்கித் தருவது என்கிற கேள்வி இருக்கிற ஊரில் அதை உடைக்க மனசு வராது. 2020-இல் ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் அண்ணனுடைய பை பரணிலிருந்து தம்பிக்காக இறங்கியது. அக்காவுடையது அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் போனது.

என் சித்தி மகள் அதை வாங்கியது 2014-இல். சித்தி பண்ருட்டிப் பக்கம் முந்திரி கம்பெனியில் பருப்பு எடுக்கிற வேலை. சித்தப்பா இல்லை. வீட்டில் இருந்த ஒரே விலை உயர்ந்த பொருள் அந்த லேப்டாப்தான், அதுவும் விலையில்லாதது. தங்கச்சி அதிலேயே தமிழ்99 விசைப்பலகையில் டைப் பழகி, டிகிரி முடித்து, பண்ருட்டியில் ஒரு டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டருக்கு மாதிரி வினாத்தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக்கு 20 ரூபாய். 2025 ஏப்ரல் 25-இல் குரூப் 4 அறிவிப்பு வந்தது. பரீட்சை ஜூலை 12. ஆலைக்குக் கரும்பு அரவை சீசன் மாதிரி அவளுக்கு அந்த இரண்டரை மாசம்தான் சீசன். அவளும் அந்தப் பரீட்சைக்குத்தான் விண்ணப்பிக்கிறாள் என்பது வேறு விஷயம். தான் எழுதப்போகிற பரீட்சைக்குத் தானே மாதிரி வினாத்தாள் அடிக்கிற ஆள்.

மே மாசம் இரண்டாம் வாரம் போன் வந்தது.

"ண்ணா, லேப்டாப்ல நெட்டே வர்ல. கடையில காட்டுனேன். மதர்போர்டு போயிட்டுச்சின்றாரு. 5,500 ஆவுமாம். அதுக்குப் புதுசே வாங்கிடும்மான்றாரு."

"எந்த சைட்டும் வர்லயா?"

"கூகுள் கூட வர்ல. ஆனா வைஃபை கோடு ஃபுல்லா காட்டுது. எம் போன் ஹாட்ஸ்பாட்தான். போன்ல எல்லாம் வருதுண்ணா."

அந்தக் கடைசி வாக்கியத்தில் பாதி பதில் இருந்தது. ஒரே சிம், ஒரே நெட், ஒரே வீடு. போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை. அப்படியானால் நெட்டில் கோளாறு இல்லை. மதர்போர்டு போயிருந்தால் திரையில் வெளிச்சமே வந்திருக்காது, வைஃபை கோடு எங்கிருந்து வரும்? திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. குரோமில் சிவப்புக் கடிகாரம், கீழே 'யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்'. வலது மூலையில் தேதி: 2013 ஜனவரி 1.

கடைக்காரர் அதைப் படித்திருக்க மாட்டார். பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதாவது வந்தாலே ஏதோ திட்டுகிறது என்று நினைத்து மூடிவிடுகிறோம். என் அனுபவத்தில் ரிப்பேர் என்பது முக்கால்வாசி அந்த வரியைப் பொறுமையாகப் படிப்பதுதான்.

நடந்தது இதுதான். பாதுகாப்பான எந்த இணையதளமும் தான் யார் என்று நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் பால் பாக்கெட்டில் இருப்பது போல இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அச்சடித்திருக்கும். 2020 செப்டம்பரிலிருந்து 2025 வரை அந்தச் சான்றிதழ் அதிகபட்சம் 398 நாளுக்குத்தான் செல்லும் என்பது விதியாக இருந்தது. லேப்டாப் தன்னை 2013-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. 2025-இல் கொடுத்த சான்றிதழைப் பார்த்தால் அதற்கு 'இன்னும் பிறக்காத ஆளின் ஆதார் அட்டை' மாதிரி இருக்கும். கதவைத் திறக்காது. கூகுளுக்கும் அதே கதி, டி.என்.பி.எஸ்.சி. தளத்துக்கும் அதே கதி.

தேதியை ஏன் மறந்தது? லேப்டாப்பை அணைத்தாலும் உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய பேட்டரியோ சார்ஜரோ இருக்கும்வரை அது அங்கிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டும் இல்லாதபோது ஒரு ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 என்கிற பட்டன் பேட்டரியிலிருந்து எடுக்கும். தங்கச்சியின் லேப்டாப்பில் பெரிய பேட்டரி 2019-லேயே செத்துவிட்டது. புதுசு போடவில்லை. சார்ஜரைச் சொருகியே ஓட்டினாள். சுவிட்சை அணைத்த ஒவ்வொரு ராத்திரியும், கரண்ட் போன ஒவ்வொரு மதியமும் அந்த நாணய பேட்டரி தனியாகக் கடிகாரத்தைத் தூக்கிச் சுமந்திருக்கிறது. ஆறு வருஷம். அந்த மே மாசம் அதால் முடியவில்லை.

கரண்ட் போவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி போய் பஸ் மாறினால் நெய்வேலி. அங்கே எரிகிற பழுப்பு நிலக்கரியின் மின்சாரம் கேரளா, கர்நாடகா, ஆந்திரா வரை போகிறது. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் தெருவில் மின்விசிறி நின்றால் பெரியவர்கள் இன்னமும் நெய்வேலி இருக்கிற திசையைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். டிரான்ஸ்பார்மருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் யாரும் கேட்பதாக இல்லை.

விண்டோஸ் தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்கலாம். செய்யும். ஆனால் வித்தியாசம் 15 மணி நேரத்துக்குள் இருந்தால்தான். அதற்கு மேல் போனால், இது வேறு ஏதோ வில்லங்கம் என்று ஒதுங்கிக்கொள்ளும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷ வித்தியாசத்தை அது தொடாது. போனுக்கு இந்தத் தொல்லை இல்லை, டவரிலிருந்தே நேரம் வாங்கிக்கொள்கிறது.

தேதியைக் கையால் மாற்றச் சொன்னேன். மாற்றினாள். கூகுள் வந்தது. "ண்ணா!" என்று ஒரு கத்தல். சாயங்காலம் கரண்ட் போய் வந்ததும் மறுபடி 2013.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பின்மூடியைக் கழற்றினேன். நாணய பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால் 0.8 வோல்ட். மூன்று இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் கடையில் 30 ரூபாய்க்குப் புதுசு. முடிந்தது.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் முழுக் கோபமாக அது நிற்கவில்லை. 30 ரூபாய் பேட்டரியை மாற்ற ஒரு மணி நேரம் தேட வேண்டும். தேடியதற்குக் கூலி 300 ரூபாய் என்றால் நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்? "ஒரு பட்டன் பேட்டரிக்கு 300-ஆ" என்று சண்டை பிடிப்போம். 5,500 ரூபாய்க்குப் போர்டு மாற்றினேன் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுப்போம். பொருளுக்குப் பணம் கொடுக்கிற நாம் கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் பாதி சர்வீஸ் கடைகளில் எல்லாமே மதர்போர்டு ஆகிவிடுகிறது. இருந்தாலும் முந்திரிப் பருப்பு எடுத்துச் சிவந்த விரலோடு வந்து நிற்கிற ஒரு அம்மாவிடம் 5,500 என்று சொல்லும்போது ஒருமுறை திரையைப் படித்திருக்கலாம்.

நான் போவதற்குள் சித்தி வீட்டில் வேறு ஒரு ஏற்பாடு முக்கால்வாசி முடிந்திருந்தது. கோச்சிங் சென்டர் சார் தன் கிரெடிட் கார்டில் 36,000 ரூபாய் லேப்டாப் வாங்கித் தருவதாகவும், மாசம் 3,000 வீதம் பன்னிரண்டு மாசம் அவள் வேலையில் கழித்துக்கொள்வதாகவும் பேச்சு. 'நோ காஸ்ட் இஎம்ஐ'. வட்டி கிடையாதாம். சார் நல்ல மனுஷர்தான், தப்பு சொல்லவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு அவள் வேறு சென்டருக்கு வேலை செய்ய முடியாது, பக்கத்துக்கு 25 கேட்க முடியாது. சித்திக்கு அது புரிந்திருந்தது. அதனால்தான் கம்மலை அடகு வைத்துவிடலாமா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வட்டி இல்லன்னாலும் ஒருத்தர்கிட்ட கைநீட்டி நிக்கிறதுதான்டா."

வட்டி இல்லை என்பதும் சரியில்லை. உட்கார்ந்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டோம். வட்டியே இல்லாத இஎம்ஐ என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த ஏற்பாடுதான் இது: வங்கி வட்டி போடும், அந்த வட்டித் தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழிப்பார். ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால், மாசம் 3,000 பன்னிரண்டு மாசம் கட்டும் தொகையில் அசல் 33,238, வட்டி 2,762. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அதை யாரும் கழிக்க மாட்டார்கள். 497 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199, அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. இரண்டும் சேர்ந்து 732. ஒரே தடவையில் பணம் கட்டுகிறவருக்குக் கிடைக்கிற உடனடித் தள்ளுபடி இதில் கிடைக்காமல் போனால் அது தனி. பெரிய கொள்ளை என்று சொல்ல மாட்டேன். வேறு வழியே இல்லாதவருக்கு நியாயமான கடன்தான். 'நோ காஸ்ட்' என்று பெயர் வைத்ததுதான் குறும்பு. தங்கச்சி அந்த 732-ஐ வட்டம் போட்டு, பக்கத்தில் '37 பக்கம்' என்று எழுதினாள். அத்தனை பக்கம் அடித்தால்தான் அந்தக் காசு.

அதனால் இருக்கிறதையே தேற்றுவது என்று முடிவானது. கடிகாரம் சரியானாலும் லேப்டாப் ஆமையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அரசு கொடுத்தபோது ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் பாஸ் லினக்ஸ். இந்த பாஸ் சென்னை சி-டாக்கில் டெபியனை வைத்து உருவாக்கியது. நம் ஊரில் பிறந்த அந்த மென்பொருளைத்தான் எல்லோரும் முதல் வாரமே அழித்தார்கள். பிறகு ஏதோ ஒரு கடையில் விண்டோஸ் 10 போட்டுக்கொடுத்திருந்தார்கள், 2 ஜிபி ராமில். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நின்றது. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும்போதே. ராம் போதாமல் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி அழிக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க்கோ பதினோரு வருஷமாகச் சுழல்கிற தட்டு. மூடியில் காதை வைத்தால் கிர்ரிக் கிர்ரிக் என்று சத்தம்.

இரண்டு பொருள் வேண்டும்: ஒரு எஸ்எஸ்டி, ஒரு ராம்.

எஸ்எஸ்டியை ஆன்லைனில் தேடும்போது தங்கச்சி ஒன்றைக் காட்டினாள். "ண்ணா, ரெண்டு டிபி, 599 ரூபாதான்." நாலரை நட்சத்திரம் வேறு. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் இதே மாதிரி ஒரு 2 டிபி பென்டிரைவ் வாங்கி, மகள் சடங்கு வீடியோவை அதில் ஏற்றி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் சொருகினால் 2 டிபி என்றுதான் காட்டும். உள்ளே இருக்கிற சிப் 32 ஜிபியோ 64-ஓ. அளவைப் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருப்பார்கள். இடம் நிறைந்த பிறகும் எழுதுவது போலவே நடிக்கும். கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சிலவற்றில் பழையதன் மேலேயே புதியது விழும். சடங்கு வீடியோவில் மாலை போடுகிற வரைக்கும்தான் மிச்சம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸில் எஃப்3. முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். பென்டிரைவ் வாங்கிய அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், இதை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அண்ணன் விஷயத்தில் கெடு முடிந்திருந்தது. விற்றவர் கைவிரித்தார். 1915-க்கு அடித்தோம், தேசிய நுகர்வோர் உதவி எண். சோதனை முடிவின் படத்தோடு புகார் போட்டோம். பணம் திரும்பி வந்தது. வீடியோ வரவில்லை. வந்திருக்காவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்போம். 2019 சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் அது. விற்றவன் டெல்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. எஸ்எஸ்டிக்கு வருகிறேன். பெயர் தெரிந்த கம்பெனியின் 256 ஜிபி, 1,700 ரூபாய். பெட்டியைப் பிரிக்கும்போது போனை ஒரு சொம்பில் சாய்த்து வீடியோ எடுத்துக்கொண்டோம். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் யாரும் கேட்காமலே ஒரு 'பாதுகாப்புத் திட்டம்' டிக் ஆகியிருந்தது. 99 ரூபாய். 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று, கூடைக்குள் நைசாகச் சரக்கைச் சேர்ப்பது. தடை இருக்கிறது, டிக்கும் இருக்கிறது. எடுத்துவிட்டுத்தான் பணம் கட்டினோம்.

ராம் நெய்வேலியிலிருந்து வந்தது. டவுன்ஷிப்பில் மாசக் கடைசியில் யாராவது ரிட்டயர் ஆவார்கள், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுவார்கள். இருபது முப்பது வருஷம் இருந்த வீட்டிலிருந்து சொந்த ஊருக்குப் போகும்போது பாதிச் சாமானை விற்றுவிடுவார்கள். ஃபிரிட்ஜ், சைக்கிள், மகன் விட்டுப்போன லேப்டாப். பழைய எலக்ட்ரானிக்ஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டை விட எனக்கு இது பிடிக்கும். விற்பவரே பயன்படுத்தியவர், கேட்டால் உண்மையைச் சொல்வார். அப்படி ஒருவரிடம் திரை உடைந்த லேப்டாப் கிடந்தது. அதில் 4 ஜிபி டிடிஆர்3எல். எல் இருப்பது நல்லது, 1.35 வோல்ட்டிலும் ஓடும், பழைய போர்டின் 1.5 வோல்ட்டிலும் ஓடும். எல் இல்லாததை வாங்கி, போர்டு 1.35 மட்டும் கேட்டால் கைப்பணம் போச்சு. 400 ரூபாய்க்குக் கொடுத்தார். எத்தனை வருஷ லேப்டாப்புக்கு என்று விசாரித்தார். பதினொன்று என்றேன்.

"நாங்க முதல் அனல்மின் நிலையத்த 1962-லேர்ந்து 2020 வரைக்கும் ஓட்டுனோம் தம்பி. ரஷ்யாக்காரன் போட்டது. பதினொன்னெல்லாம் ஒரு வயசா?"

அவர் அதில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று கேட்க நினைத்தேன். லாரி வந்துவிட்டது.

மொத்தச் செலவு 30, 1,700, 400. 2,130 ரூபாய். தங்கச்சி லினக்ஸ் மட்டும் போதும் என்பதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சென்டருக்கு இன்னமும் வானவில் அவ்வையார் எழுத்துருவில்தான் வேண்டுமாம். 2010-லேயே அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது, சென்டர் சாரின் பிரிண்டருக்கு இன்னும் தகவல் போகவில்லை. ஆகவே ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் லினக்ஸ் மின்ட். 2014-இல் அரசு கொடுத்த மாதிரியே. முன்னால் திரை வருவதற்குள் அவள் டீ போட்டுக் குடித்துவிட்டு வருவாளாம். இப்போது முப்பது நொடிக்குள் வந்து நிற்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை 250 ரூபாய் உறையில் போட்டு வெளியிலிருந்து சொருகும்படி செய்தேன். அதில் சித்தப்பாவின் போட்டோக்கள் நாற்பது இருந்தன. அதை முதலில் மூன்று இடத்தில் நகலெடுத்தோம். பிறகுதான் மற்ற வேலை.

குரூப் 4 விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு அந்த லேப்டாப்பிலேயே போட்டாள். சீசனுக்கு 460 பக்கம் அடித்தாள். ஜூலையில் இன்னொரு சென்டரில் பக்கத்துக்கு 25 கேட்டிருக்கிறாள், கொடுத்தார்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு மேம்படுத்தல் நின்றது. விண்டோஸ் 11 இந்த வயது லேப்டாப்புகளை ஏற்காது, டிபிஎம் 2.0 சிப் கேட்கும், எட்டாம் தலைமுறை பிராசஸர் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை அதில் சேமித்துக்கொண்டால் இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, இலவசமாகப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. 'உங்க கம்ப்யூட்டர் செத்துப்போச்சு' என்று சொல்லிப் புதுசு விற்கிற வேலை எங்கள் பக்கமும் தொடங்கிவிட்டது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குப் புது மடிக்கணினி என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரட்டும், சந்தோஷம். பழையவற்றுக்கு மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் பேட்டரியும் ராமும் மாற்றித் தர ஏற்பாடு செய்தால் அதைவிடச் சின்னச் செலவில் முடியும் என்பது என் எண்ணம். அதற்கு யாரும் விழா எடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

நவம்பரில் தங்கச்சி தன் தெருப் பெண் ஒருத்தியை அழைத்துவந்தாள். கையில் அதே கருப்புப் பை. ஆன் செய்தால் 2012 ஜனவரி 1. தங்கச்சியே ஸ்குரூடிரைவர் எடுத்து மூடியைக் கழற்றி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தாள்.

"ண்ணா, 2.9 காட்டுது."

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வேறு எங்கோ.

"அந்தப் பேட்டரி உக்கார்ற தகடு துருப்புடிச்சிருக்கா பாரு" என்றேன்.